மண் இல்லாத செடி
மரமும் அரசும் – 9

சென்ற இதழைக் கோடரியோடு நிறுத்தியிருந்தோம். மோகூர்ப் பழையனின் காவல் வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டிச் சாய்த்தான். அவனுக்கு முன்பே அவன் தந்தை நெடுஞ்சேரலாதன் கடலுக்குள் இருந்த பகைவரின் கடம்பை அறுத்து, அந்த மரத்திலேயே முரசு செய்துகொண்டான். ஒரு குடியின் மானம் ஒரு மரத்தில் நின்றது. மரம் விழுந்தால் குடி தோற்றதாக அர்த்தம். மன்னர்களின் மரங்கள் போனபின் கோயில்களின் மரங்கள் அந்த இடத்துக்கு வந்தன. நம் கடலூர்ச் சீமையையே எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரி, விருத்தாசலத்துக்கு வன்னி, சிதம்பரத்துக்குத் தில்லை. தில்லைக் காடு இன்று கோயிலைச் சுற்றி இல்லை. அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். ஆனாலும் ஊருக்குத் தில்லை என்ற பெயர் போகவில்லை.

இந்த மரங்களுக்கெல்லாம் ஒரு பொதுக்குணம் உண்டு. எல்லாம் ஒரு மண்ணில் ஊன்றியவை. மரத்தை வணங்குவதும் அந்த இடத்தை வணங்குவதும் வேறுவேறல்ல.

இந்த இதழில் இதற்கு நேர் எதிரான ஒரு கதைக்குப் போகிறோம். கொரியாவில் அறுநூறு ஆண்டுகளாகச் சில செடிகள் காகிதத்தில் வளர்ந்தன. அரசன் நட்டவை அல்ல, கோயில் காத்தவையும் அல்ல. படித்தவன் தன் கையால், கறுப்பு மையால் வரைந்தவை. அந்த நாடு மண்ணை இழந்தபோது இந்தக் காகிதச் செடிகள் என்ன ஆயின என்பதுதான் இன்றைய விஷயம்.

நமக்கு நால்வர் என்றால் சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர். கொரியாவில் படித்தவர் வீட்டில் நால்வர் என்றால் பிளம் பூ, ஆர்க்கிட், சாமந்தி, மூங்கில். ‘சாகுஞ்சா’ என்பார்கள், நான்கு சான்றோர் என்று சொல்லலாம். பனி உருகுமுன்பே பட்டமரம் போன்ற கிளையில் பூத்துவிடுவது பிளம். ஆளில்லாத மலைச் சரிவில் யாரும் முகராவிட்டாலும் மணப்பது ஆர்க்கிட். (நம் பூக்கடையில் பிளாஸ்டிக் உறையில் வரும் ஊதா ஆர்க்கிட் அல்ல. தரையில் வளரும், புல்போன்ற நீண்ட இலையும் சிறு பூவும் கொண்ட வகை.) மற்ற பூக்களெல்லாம் உதிர்ந்தபின் முதல் உறைபனியில் மலர்வது சாமந்தி. குளிரிலும் பச்சை மாறாமல், வளைந்தாலும் ஒடியாமல் நிற்பது மூங்கில். நான்குமே காலம் சரியில்லாதபோது நிலைமாறாதவை. கன்ஃபூசியஸின் வழியில் வந்த அதிகாரியும் அறிஞனும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பியதும் அதைத்தான்.

இந்த எண்ணம் பிறந்தது கொரியாவில் அல்ல, சீனத்தில். சோங் அரசமரபின் காலத்தில் வென் தோங் என்ற அதிகாரி மூங்கிலை வெறும் மையால் வரைவதில் பேர்பெற்றார். அவரிடமிருந்து அதைக் கற்றவர் கவிஞர் சூ ஷி. வென் தோங் 1079-இல் இறந்தார். அதே ஆண்டில் சூ ஷி, கவிதையில் அரசின் கொள்கையைக் கிண்டல் செய்தார் என்று கைதாகி, பிறகு நாடு கடத்தப்பட்டார். மை மூங்கிலுக்கும் அரசியல் தண்டனைக்கும் உள்ள உறவு தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிட்டது.

இங்கே நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு தேதி இருக்கிறது. வென் தோங் இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1077-இல், முதலாம் குலோத்துங்க சோழன் அனுப்பிய 72 பேர் கொண்ட தூதுக்குழு சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. பொருள்களைக் கொடுத்துச் செப்புக் காசுகளைப் பெற்றுக்கொண்டு திரும்பியது. எந்தக் குலோத்துங்கன்? தன் படைத்தலைவன் நரலோகவீரனைக் கொண்டு தில்லையில் பெரும் திருப்பணிகள் செய்வித்தவன். அந்த 72 பேரும் மை மூங்கிலை ஏறிட்டாவது பார்த்திருப்பார்களா என்று கற்பனை செய்யலாம். அதற்குமேல் போகக் கூடாது. மிளகுக்கும் முத்துக்கும் அந்தப் பாதை திறந்திருந்தது என்பது மட்டும் உறுதி. தூரிகை மட்டும் வரவில்லை.

வராததற்கு ஆழமான காரணம் ஏதும் தேட வேண்டியதில்லை. நாம் எழுதியது பனையோலையில், இரும்பு எழுத்தாணியால். அது கோடு போடாது, கீறும். கீறிய பிறகு விளக்குக் கரியையும் பச்சிலைச் சாற்றையும் தடவித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். எழுத்தாணியில் அழுத்தம் கூடினால் ஓலை கிழியும். தடித்த கோடு, மெலிந்த கோடு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. சிதம்பரம் கோயிலில் பூட்டிக் கிடந்து செல்லரித்த தேவார ஏடுகளை ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள் என்ற மரபுக்கதை நமக்கு மனப்பாடம். அந்த ஏடுகளை எழுதியவர்கள் பெரும் புலவர்களாக இருந்திருக்கலாம்; ஆனால் எழுதும் அதே கருவியால் ஒரு மூங்கில் இலையை அவர்களால் வரைந்திருக்க முடியாது. படம் எழுதுவது வேறு ஆட்களின் தொழில். சிவகாமியம்மன் சன்னிதி மண்டபத்தின் விதானத்தில் நாயக்கர் காலத்தில் மாணிக்கவாசகர் கதையை வண்ணத்தில் தீட்டியவர்கள் கூலிக்கு வந்த ஓவியர்கள். அவர்களுடைய பெயரை எந்தப் புலவரும் பாடி வைக்கவில்லை.

கொரியாவில் எழுதுவதும் வரைவதும் ஒரே தூரிகையால். பைன் மரத்தை எரித்த புகைக்கரியை விலங்குத் தோலின் பசையோடு பிசைந்து, கட்டியாக உலர்த்தி வைத்திருப்பார்கள். வேண்டும்போது கல்லில் சிறிது தண்ணீர் விட்டு, அந்த மைக்கட்டியை உரைப்பார்கள். காகிதம் ‘தாக்’ என்ற முசுக்கட்டை இனச் செடியின் பட்டையில் செய்தது. மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை போட்ட கோடு போட்டதுதான். அழிக்க முடியாது, மேலே இன்னொரு பூச்சுப் பூசி மறைக்கவும் முடியாது. மார்கழியில் வாசலில் கம்பிக் கோலம் இழுக்கும் பெண்ணின் கையைப் பார்த்திருப்பீர்கள். மாவு விழுந்தபின் யோசிக்க நேரமில்லை, யோசித்தால் இழை தடிக்கும். அந்த மாதிரிக் கை வேண்டும் இதற்கு.

மூங்கில் தண்டுக்கு ஒரு கணுவுக்கு ஒரு கோடு. கணுவில் சற்று நிறுத்தி, சிறு வெண்ணிடைவெளி விட்டு, அடுத்த கோடு. இலைகள் அழுத்தி எடுத்த வீச்சுகள். ஆர்க்கிட்டில் மூன்று இலைதான் பாலபாடம்: முதல் இலை நீளமாகப் போகும், இரண்டாவது அதைக் குறுக்கே கடந்து நடுவில் கண்போல ஓர் இடைவெளியை உண்டாக்கும், மூன்றாவது அந்தக் கண்ணைக் கிழித்துக்கொண்டு போகும். இவ்வளவுதான் பாடம். இதற்கு ஒரு வாழ்நாள் போதவில்லை என்று எழுதிவைத்தவர்கள் இருக்கிறார்கள்.

1392-இல் தொடங்கிய ஜோசன் அரசமரபு இதை ஒரு சட்டமாகவே ஆக்கியது. 1485-இல் நடைமுறைக்கு வந்த நாட்டின் பெருஞ்சட்டத் தொகுப்பில், அரண்மனை ஓவியக் கூடத்தின் நுழைவுத் தேர்வுக்கு விதி உண்டு. பாடங்கள் நான்கு தரம். முதல் தரம் மூங்கில். இரண்டாவது மலையும் நீரும் கொண்ட இயற்கைக் காட்சி. மூன்றாவது மனிதரும் விலங்கும். கடைசித் தரம் பூக்கள். மன்னன் முகத்தை வரைவதைவிட மூங்கிலை வரைவது உயர்ந்த தேர்வு! வேலைக்குச் சேர்ந்தபின் அந்த ஓவியர்கள் பெரும்பாலும் வரைந்தது மன்னர் முகத்தையும் அரண்மனைச் சடங்குகளையும்தான் என்பது வேறு விஷயம்.

மூங்கிலைப் பற்றி நடுவில் ஒன்று. சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் நின்று பார்த்தால் எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளும், பந்தல் வேலைக்கு மூங்கில் கழி ஏற்றிய வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இரண்டும் ஒரே புல் குடும்பம். வெள்ளாற்று அணைக்கட்டும் வீராணமும் பாய்ச்சும் நெல்லும் அதே குடும்பம்தான். வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பியம் பிரித்துவைத்திருப்பது தாவரவியல் படித்தவர்களையும் வியக்க வைக்கும். இதே கேள்வி கொரியக் கவிஞர் யுன் சொன்டோவையும் குடைந்திருக்கிறது. 1642-இல் அவர் எழுதிய ‘ஐந்து நண்பர் பாட்டு’ நீர், பாறை, பைன், மூங்கில், நிலவு ஐந்தையும் தோழர்களாக்கிக்கொண்டது. மூங்கிலிடம் வந்தபோது அதை மரத்தில் சேர்ப்பதா புல்லில் சேர்ப்பதா என்று தடுமாறுகிறார். நம் இலக்கணக்காரர் விடை சொல்லிவிட்டுப் போனதை, அவர் விடுகதையாகவே வைத்துக்கொண்டார். யுன் சொன்டோவும் பலமுறை நாடு கடத்தப்பட்டவர்தான்.

இனி ஆட்களுக்கு வருவோம்.

இ ஜொங் (1554–1626) அரச குடும்பம்; ஹங்குல் எழுத்தை உருவாக்கிய செஜொங் மன்னரின் வழிவந்தவர். 1592-இல் ஜப்பானியத் தளபதி ஹிதெயோஷியின் படைகள் கொரியாவில் இறங்கியபோது, ஒரு ஜப்பானிய வாள் அவருடைய வலக்கையில் பாய்ந்தது. ஓவியனின் வலக்கை. இனி வரைய மாட்டார் என்றே நினைத்தார்கள். காயம் ஆறியதும், போர் இன்னும் முடியாத 1594-இல், கறுப்புச் சாயமேற்றிய பட்டில் பொன்மையால் மூங்கில், பிளம், ஆர்க்கிட் வரைந்து ஒரு தொகுப்பாக்கினார். ‘மூன்று தூயவை’ என்று அதற்குப் பெயர். கறுப்பின்மேல் பொன் என்பதால் இருட்டில் மின்னல் வெட்டியதுபோல அந்தக் கோடுகள் நிற்கின்றன. வெட்டுப்பட்ட கை முன்னைவிட நன்றாக வரைந்தது என்று அவர் காலத்தவர்கள் சொன்னார்கள். அப்படிச் சொல்லத்தானே ஆசைப்படுவார்கள். ஆனால் படங்களைப் பார்த்தால் மறுக்கத் தோன்றவில்லை. அவருடைய ‘காற்றில் மூங்கில்’ படத்தில் காற்று வரையப்படவில்லை. இலைகள் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கின்றன, அவ்வளவுதான். பின்னால் நிழல்போல வெளிறிய மையில் இன்னும் சில தண்டுகள்.

அந்தப் பொன் தொகுப்பு பிறகு 1636-இல் மஞ்சுப் படையெடுப்பின்போது தீயில் சிக்கிக் கருகியது. காலம் கடந்து ஒரு ஜப்பானியக் கடற்படை அதிகாரியின் கைக்கும் போனது. 1930-களில் அதை விலைகொடுத்து மீட்டவர் சோல் நகரத்துச் செல்வர் ஜொன் ஹியொங்பில். பரம்பரைச் சொத்தை விற்றுக் கொரியக் கலைப் பொருள்களை நாட்டைவிட்டுப் போகாமல் வாங்கிப்போட்டவர். 1938-இல் அவற்றுக்காக அவர் கட்டிய கட்டடம்தான் இன்றைய கான்சொங் கலைக்கூடம்.

நான்கையும் ஒரு தொகுதியாகச் சேர்த்து கொரியாவில் முதலில் வரைந்தவர் என்று காங் செஹ்வாங்கை (1713–1791) சொல்வார்கள். அவரைத் தாண்டி நேராகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போய்விடுகிறேன். ஏனென்றால் அங்கேதான் இந்தச் செடிகள் சூடுபிடிக்கின்றன.

கிம் ஜொங்ஹி (1786–1856), புனைபெயர் சூசா. கல்வெட்டு ஆய்வாளர், கொரியாவின் மிகப் பெரிய எழுத்துக்கலைஞர். ஆர்க்கிட்டை வரைவது வேறு, எழுதுவது வேறு என்று அவர் ஏற்கவில்லை. பழைய எழுத்துருக்களை எழுதும் முறையிலேயே இலையையும் எழுத வேண்டும், நிறையப் படிக்காதவன் கையில் ஆர்க்கிட் வராது என்பது அவர் கட்சி. கொஞ்சம் மேட்டிமையான பேச்சுதான். ஆனால் அரசவைக் குழுச் சண்டையில் 1840-இல் அவர் ஜெஜு தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே எட்டு ஆண்டு. தண்டனையின் கடுமை பாருங்கள்: வீட்டைச் சுற்றி எலுமிச்சை இனத்து முட்செடிகளால் வேலி, அதைத் தாண்டக் கூடாது. செடியைச் சான்றோராக்கிய நாடு செடியைச் சிறையாகவும் பயன்படுத்தியது. அங்கிருக்கும்போதே, 1842-இல், அவர் மனைவி இறந்தார். சேதி கடல் தாண்டி வரும்போது ஒரு மாதம் ஆகியிருந்தது.

பதவி போனவனை யார் நினைப்பார்கள்? நினைத்தவர் ஒருவர்: இ சாங்ஜொக். மொழிபெயர்ப்பாளர். உயர்குடி அல்லாத நடுத்தட்டு மனிதர். தூதுக்குழுக்களோடு பெய்ஜிங் போகும்போதெல்லாம் கிடைத்தற்கரிய நூல்களை வாங்கி ஜெஜுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நாடு கடத்தப்பட்டவருக்குப் புத்தகம் அனுப்புவது அவர் வேலைக்கே ஆபத்து. 1844-இல் சூசா அவருக்கு நன்றியாக ஒரு படம் வரைந்தார். ‘செஹான்தோ’. ஒரு வெறும் வீடு, நான்கு ஊசியிலை மரங்கள், மற்றதெல்லாம் காலியிடம். மை கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் தேய்த்தது. குளிர் வந்தபின்தான் எந்த மரம் பசுமை மாறாதது என்று தெரியும் என்ற கன்ஃபூசியஸின் கருத்து அதன் உட்பொருள். நால்வரில் இந்த மரங்கள் இல்லை. ஆனால் அதே வீட்டுப் பங்காளிகள்.

அந்தப் படம் பட்ட பாடு தனிக் கதை. இ சாங்ஜொக் அதைப் பெய்ஜிங் கொண்டுபோய் அங்குள்ள 16 அறிஞர்களிடம் பாராட்டுரை எழுதி வாங்கினார்; அவற்றை ஒட்ட ஒட்டச் சுருள் நீண்டுகொண்டே போனது. பிற்பாடு அது ஃபுஜித்சுகா சிகாஷி என்ற ஜப்பானியப் பேராசிரியரிடம் சேர்ந்தது. சூசாவை ஆழ்ந்து ஆராய்ந்த நேர்மையான அறிஞர் அவர். ஓய்வுபெற்று அதைத் தோக்கியோவுக்கு எடுத்துப் போனார். 1944-இல், குண்டுவீச்சு அச்சத்துக்கு நடுவே, சொன் ஜேஹியொங் என்ற கொரிய எழுத்துக்கலைஞர் தோக்கியோ போனார். நாள் தவறாமல் பேராசிரியர் வீட்டு வாசலில் போய் நின்று படத்தைக் கேட்டார். கடைசியில் ஃபுஜித்சுகா காசு வாங்காமல் கொடுத்துவிட்டார். 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் பேராசிரியரின் நூலகம் எரிந்தது. அவர் சேர்த்த எவ்வளவோ சாம்பலானது. படம் பிழைத்தது. 2020-இல் அதை வைத்திருந்த சொன் சாங்கன் கொரியத் தேசிய அருங்காட்சியகத்துக்கு இனாமாகவே கொடுத்தார்.

சூசாவின் இன்னொரு படத்தைச் சொல்லாமல் போக முடியாது. இருபது ஆண்டு ஆர்க்கிட் வரையாமலிருந்து, திடீரென்று ஒருநாள் வரைந்தது. கிழக்கத்திக் காற்றில் சாய்ந்ததுபோல ஒரே பக்கம் வளைந்த சில இலைகள், ஒரு பூ. தன்னிடம் ஊழியம் செய்த தால்ஜுன் என்பவனுக்காக வரைந்ததாகப் படத்திலேயே எழுதுகிறார். பிறகு முத்திரை செதுக்கும் ஓ கியுயில் அதைப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டானாம். அது வேடிக்கையாக இருக்கிறது என்று அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிட்டார். படிக்காதவன் கையில் வராத ஆர்க்கிட் படிக்காதவன் வீட்டுக்குப் போகவிருந்தது என்பதில் எனக்கு ஒரு சிறு திருப்தி.

இங்கே சற்று நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தச் சான்றோர்ச் செடிகளின் பின்னால் இருந்த ‘யாங்பான்’ என்ற உயர்குடி, அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்தது. ஏர் பிடிக்காத கையால்தான் தூரிகை பிடித்தார்கள். பணமும் பதவியும் வேண்டாம் என்று மூங்கில் வரைந்த பலர் இரண்டையும் விடவில்லை. ஆனால் ஒரு கலை அதை உண்டாக்கியவர்களின் வேலிக்குள்ளேயே நிற்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜுக்யாங் என்ற பியோங்யாங் கிசேங் பெண் – நம்மூர்த் தேவதாசிகள்போல ஆடல் பாடல் கற்ற வகுப்பு – மை ஓவியத்தில் பெயர் வாங்கினாள்.

இனி இரண்டு பகையாளிகள். இருவர் கையிலும் ஆர்க்கிட்.

ஒருவர் இ ஹாவுங் (1820–1898). வரலாறு அவரை ‘தேவொன்குன்’ என்று அறியும். சூசாவிடமே ஆர்க்கிட் கற்றவர். 1863-இல் அவருடைய சிறுவன் மகன் கோஜொங் அரியணை ஏறியதும், பத்தாண்டு நாட்டை ஆண்டவர் இவர்தான். அந்நியருக்குக் கதவைச் சாத்தினார். பிறகு மருமகள் அரசி மின்னின் குடும்பம் அவரை ஓரங்கட்டியது. 1882-இல் படைவீரர் கலகத்தைப் பயன்படுத்தி மீண்டும் ஆட்சிக்கு வந்தார். உடனே சீனப் படை அவரைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று ஆண்டு சீனத்தில் அடைத்துவைத்தது. அங்கேயும் ஆர்க்கிட் வரைந்தார். அவருடைய படத்துக்கு அவ்வளவு கிராக்கி இருந்ததால், அவர் பெயரில் பிறர் வரைந்தவையும் ஏராளம். இன்றும் ஏலக் கூடங்களில் அது தலைவலி.

மற்றவர் மின் யொங்இக் (1860–1914). அரசி மின்னின் மருமகன் முறை. 1883-இல் அமெரிக்கா சென்ற முதல் கொரியத் தூதுக்குழுவின் தலைவர். 1884 டிசம்பரில் அஞ்சலகத் திறப்பு விருந்தின்போது சீர்திருத்தக் கலகக்காரர்கள் அவரைக் கத்தியால் வெட்டிப்போட்டார்கள். ஹோரஸ் ஆலன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் தையல்போட்டுப் பிழைக்க வைத்தார். அதன் பலனாகத்தான் அடுத்த ஆண்டு கொரியாவின் முதல் மேனாட்டு முறை மருத்துவமனை திறக்கப்பட்டது. பிற்காலத்தில் மின் நாட்டைவிட்டு வெளியேறி ஷாங்காயில் குடியேறினார். நாடு திரும்பவில்லை.

ஓவியம் அறிந்தவர்கள் இருவருடைய ஆர்க்கிட்டையும் கையொப்பம் பார்க்காமலே பிரித்துவிடுவார்கள். தேவொன்குன்னின் இலை அடியில் அழுத்தமாகத் தொடங்கி, வளைந்து, நுனியில் ஊசிபோல மெலியும். மின்னின் இலை தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே தடிமன். நுனி மொட்டை, சட்டென்று வெட்டிவிட்டதுபோல் நிற்கும். ஒருவருடைய அரசியலுக்கு மற்றவரின் குலமே எமனாக இருந்தது. இருவருமே அந்நிய மண்ணில் அமர்ந்து வரைய நேர்ந்தது.

1910-இல் ஜப்பான் கொரியாவை முழுவதும் விழுங்கியது. ஷாங்காயில் மின் ஓர் ஆர்க்கிட் வரைந்தார். இலைகள் உண்டு, பூக்கள் உண்டு. வேர்கள் வெளியே கிடக்கின்றன. மண் இல்லை. இதற்கும் ஒரு முன்னோடி இருந்தது. சோங் அரசு 1279-இல் மங்கோலியரிடம் வீழ்ந்தபின் ஜெங் சிசியாவ் என்ற சீன அறிஞர் தரை இல்லாத ஆர்க்கிட்டையே வரைந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், மண்ணைத்தான் அந்நியன் எடுத்துக்கொண்டானே என்றாராம். 1306-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய ஆர்க்கிட் ஒன்று இன்று ஜப்பானில் ஒசாகா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மின் அந்த மொழியை அறுநூறு ஆண்டு கழித்து எடுத்துப் பேசினார். பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நம் காவல் மரத்தோடு இதை ஒட்டிவைத்துப் பாருங்கள். பழையனின் வேம்பு மோகூர் மண்ணில் நின்றதால்தான் செங்குட்டுவனால் வெட்ட முடிந்தது. மண்ணே இல்லாத செடியை அடைவதற்கு ஜப்பானியப் போலீசுக்கு வழி இல்லை. அது பெட்டியில் சுருட்டிக் கப்பலேறும்.

ஆனால் ஒரு மூங்கில் மட்டும் காகிதத்தைவிட்டு இறங்கி நிஜமாகவே முளைத்தது. அப்படித்தான் கொரியர்கள் நம்பினார்கள்.

1905 நவம்பர் 17-இல், கொரியாவின் வெளியுறவைத் தன் கைக்கு மாற்றும் ஒப்பந்தத்தை ஜப்பான் மிரட்டி வாங்கியது. அதை ரத்து செய்யக் கோரிப் பயனில்லாமல், மின் யொங்வான் என்ற முன்னாள் அமைச்சர் – மேலே சொன்ன மின் குலத்தவரே – நவம்பர் 30-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். இரத்தக்கறை படிந்த அவர் உடைகளை ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். 1906 ஜூலையில் அறையைத் திறந்தபோது தரைப்பலகை இடுக்கில் மூங்கில் முளைத்து நின்றது. 45 இலைகள் என்று எண்ணிச் சொன்னார்கள். கொரியக் கணக்கில் இறந்தவரின் வயதும் 45. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் பார்க்கப் போனார்கள். ஓவியர் யாங் கிஹுன் அதை வரைந்தார். 1906 ஜூலை 17-இல் ‘தேஹான் மேயில் சின்போ’ நாளிதழ் அந்தப் படத்தை அச்சிட்டது. அரண்மனைத் தேர்வின் முதல் தரப் பாடம் இப்போது தெருவில் செய்தித்தாள் வாங்கியவன் வீட்டுச் சுவரில்.

பலகைக்கு அடியில் மூங்கில் வேர் ஓடியிருக்கும், அதற்கு இரத்தம் தேவையில்லை என்று தோட்டம் வைத்த எவரும் சொல்வார்கள். அன்றைக்கும் சிலர் சொல்லியிருப்பார்கள். அது எடுபடாது. ஐந்நூறு ஆண்டாக, மூங்கில் என்றால் வளைந்தாலும் ஒடியாத மனிதன் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஒரு சமூகத்தில், அந்த அறையில் வேறு எந்தச் செடி முளைத்திருந்தாலும் களைதான்; மூங்கில் முளைத்ததால் சேதியாயிற்று. குடும்பத்தார் பாதுகாத்துவைத்த அந்த உலர்ந்த மூங்கில் இப்போது கொரியப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தச் செய்தியை அந்த நாளிதழால் எப்படி அச்சிட முடிந்தது என்பதில் நமக்குப் பழக்கமான ஒரு சூட்சுமம் உண்டு. அதை நடத்தியவர் எர்னஸ்ட் பெத்தல் என்ற ஆங்கிலேயர். பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் ஜப்பானியத் தணிக்கை அவரை எளிதில் நெருங்க முடியவில்லை. ஆங்கிலேயக் கொடி அங்கே கேடயம்; அதே ஆங்கிலேயரிடமிருந்து தப்ப இங்கே பிரெஞ்சுக் கொடி கேடயம். பாரதியின் ‘இந்தியா’ 1906-இல் சென்னையில் தொடங்கி, 1908-இல் புதுச்சேரிக்கு இடம்மாறியது. பத்தாண்டு அங்கே இருந்த பாரதி 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைதானார். டிசம்பர் நடுவில் விடுதலையாகும் வரை அடைபட்டிருந்தது நம் கடலூர்ச் சிறையில். தமிழ்ப் பத்திரிகையில் கேலிச்சித்திரத்தை முன்னணியில் பயன்படுத்திய இதழ் ‘இந்தியா’. நம் எதிர்ப்பு அங்கே முறுக்கு மீசையும் தொப்பியுமாக மனித உருவில் வந்தது. செடி உருவில் வரவில்லை.

இந்தியாவில் கிழக்காசிய மை வந்து இறங்கிய இடம் வங்காளம். 1903-இல் ஜப்பானிய ஓவியர்கள் யோகோயாமா தாய்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் கல்கத்தா வந்தார்கள். அவனீந்திரநாத் தாகூர் அவர்களிடமிருந்து நீர்ப்பூச்சு முறையை எடுத்துக்கொண்டார். 1924-இல் ரவீந்திரநாத் தாகூரோடு சீனமும் ஜப்பானும் போய்வந்த நந்தலால் போஸ் சாந்திநிகேதனில் மைத்தூரிகையைப் பழக்கினார். அந்த வங்கப் பள்ளியின் வாரிசான தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்பேற்றார். கோடு வந்தது, பூச்சு வந்தது. மூங்கிலைப் பார்த்ததும் ஒரு மனிதனின் ஒழுக்கம் நினைவுக்கு வரும் அந்தப் பழக்கம் வரவில்லை. வந்திருக்க முடியாது, அதை ஓவியர்களால் மட்டும் இறக்குமதி செய்ய இயலாது.

கொரியாவில் ஜப்பானிய ஆட்சி இந்தச் செடிகளை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது. 1922-இல் தொடங்கிய அரசு ஓவியக் கண்காட்சியில் எழுத்துக்கலைக்கும் நான்கு சான்றோருக்குமாகத் தனிப் பிரிவு வைத்தார்கள். 1932-இல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். எழுத்துக்கலை வெளியே போனது, மூங்கிலும் ஆர்க்கிட்டும் கீழை ஓவியப் பிரிவின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டன. தடை என்று யாரும் சொல்லவில்லை; பழசாகிப்போனது என்று சொன்னார்கள். அது தடையைவிடச் சாமர்த்தியமான வேலை. இதே காலத்தில் விடுதலை இயக்கத்தில் சேர்ந்து சோல் சொதேமுன் சிறையில் இருந்து வந்த கிம் ஜின்வூ (1883–1950) மூங்கிலைத் தவிர வேறொன்றும் வரையாதவர்போல வரைந்துகொண்டிருந்தார். அவருடைய இலைகள் அசைவதில்லை. ஒவ்வொன்றும் உறையிலிருந்து உருவிய கத்தி.

2009 ஜூனில் தென்கொரியா 50,000 வொன் தாள் வெளியிட்டது. முன்பக்கம் பதினாறாம் நூற்றாண்டுப் பெண் ஓவியர் ஷின் சயிம்தாங். பின்பக்கம் ஒ மொங்ரியொங்கின் நிலவும் பிளம் மரமும். அதன்பின்னே வெளிறிய கோடுகளாக, வாள்பட்ட கையின் ‘காற்றில் மூங்கில்’. பணத்தை வெறுத்ததாகச் சொல்லிக்கொண்ட சான்றோர்கள் நாட்டின் மிகப் பெரிய நோட்டில் ஏறிவிட்டார்கள்.

நால்வரில் சாமந்தியை மட்டும் வேண்டுமென்றே பேசாமல் விட்டிருக்கிறேன். பதினாறு இதழ்ச் சாமந்தி ஜப்பானியப் பேரரசரின் இலச்சினை. கொரியச் சான்றோரின் பூவே கொரியாவை ஆண்டவனின் முத்திரையாகவும் இருந்தது. அந்தப் பூவுக்கு எதிராக வேறொரு பூவை, நம் செம்பருத்தியின் ஒன்றுவிட்ட உறவான ‘முகுங்ஹ்வா’வைப் பள்ளித் தோட்டத்தில் நாற்றுப்போட்டு ஊர் ஊராக அனுப்பிய நம்குங் ஒக் என்ற கிழவர் 1933-இல் கைதானார். அவருடைய நாற்றுகளை ஜப்பானியப் போலீஸ் பிடுங்கிக் குவித்து எரித்த கதை அடுத்த இதழில்.

(தொடரும்)